லூர்து வெளியே, ராணி உள்ளே

— அசையாதீங்க மிஸ். அசைஞ்சா பொட்டு கோணிப் போயிடும்.

— இதெல்லாம் வேணுமா அமிர்தம்? யாராவது கண்டுபிடிச்சுட்டா என்ன பண்றது?

— பதினோரு வருஷமாக் கருட மண்டபத்தைக் கரும்பலகையில வரைஞ்சு காட்டுறீங்க. தூணு எங்க, கல்வெட்டு எந்தப் பக்கம், எல்லாம் மனப்பாடம். ஒரு தடவைகூடக் கண்ணால பாத்ததில்ல. ஜூன்ல பாளையங்கோட்டைக்கு வேலை மாத்திப் போயிட்டா அப்புறம் எப்பப் பாக்கப் போறீங்க?

— புஸ்தகத்துல படம் இருக்கே.

— புஸ்தகத்துல சோறுகூடத்தான் படம் போட்டிருக்கு. தின்ன முடியுதா?

— பேரு கேட்டா என்ன சொல்ல? லூர்துராணின்னு வாயத் தொறந்தாலே தெரிஞ்சு போயிடும்.

— ராணின்னு சொல்லுங்க. பொய்யில்ல, பாதி உண்மை. லூர்து வெளியில நிக்கட்டும், ராணி உள்ள வரட்டும்.

— சேசுவே! எப்படித்தான் பேசுறியோ.

— அந்தச் சேசுவையும் லூர்துகிட்டயே விட்டுட்டு வாங்க. கழுத்துச் சங்கிலிய உள்ள தள்ளுங்க, சிலுவை எட்டிப் பாக்குது.

— நிதானம், அமிர்தம். உனக்கு எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?

— எங்க அப்பா மருங்காபுரியிலேருந்து கடலைக்காய் மூட்டை ஏத்திக்கிட்டு டவுனுக்கு வருவாரு. மண்டியில மூட்டைய எறக்கிட்டு ஆத்துப்பாலம் தாண்டி இங்க வருவாரு. இதோ, நாம நிக்கிறோமே, இந்த மொட்டைக் கோபுரத்தடி, இதுவரைக்கும்தான். கும்பிட்டுட்டுத் திரும்பிடுவாரு. அப்ப எங்களை உள்ள விடச் சட்டம் இல்ல. இப்ப இருக்கு. அவரு மக பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன். நான் மட்டும் உள்ள போனாப் போதாது மிஸ். கூட ஒரு ஆளையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்.

— அந்த ஆளு நானா?

— எனக்கு ஹாஸ்டல்ல இடமில்லைன்னு சொன்னப்ப, இடம் குடுக்குற வரைக்கும் ஆபீஸ் வாசலை விட்டு நகர மாட்டேன்னு நின்னீங்களே. நீங்க இல்லாம வேற யாரு? கருட மண்டபத்துல உங்களைக் கொண்டுபோய் நிறுத்துறது என் பொறுப்பு. சத்தியம்.

— சத்தியமெல்லாம் பண்ணாதே.

— பண்ணியாச்சு. ஏய் சந்திரா, காளியாயி, ரெண்டு பேரும் வாயத் தொறந்தீங்கன்னா ஆத்துல தள்ளி விட்டுடுவேன். அதோ குடையோட வராரே, அவருதான் கைடு போல.

— வாங்கோ, வாங்கோ! காலேஜ் கோஷ்டி நீங்கதானே? அடியேன் அழகியமணவாளன். முப்பது வருஷம் வாத்தியார் உத்தியோகம், இப்போ ரிடையர் ஆயாச்சு. ஊரைச் சுத்திக் காட்டறதுன்னா அடியேனுக்குச் சாப்பாடே வேண்டாம். டீச்சரம்மா யாரு?

— நான்தாங்க. ராணி.

— பேஷ், மகாராணி! செருப்பையெல்லாம் அடியேன் அகத்து வாசல்ல விட்டுடலாம். எல்லாரும் கேளுங்கோ. இது ஊர் இல்லே, தீவு. தெக்கே காவேரி, வடக்கே கொள்ளிடம், நடுவிலே பெருமாள் படுத்துண்டிருக்கார். அவரைச் சுத்தி ஏழு மதில். வெங்காயம் மாதிரி ஒண்ணுக்குள்ளே ஒண்ணு. வெங்காயம் எங்காத்துலே சேர்க்கறதில்லே, உவமைக்கு மட்டும்!

— ஏங்க, இந்தக் கோபுரம் மட்டும் ஏன் மொட்டையா நிக்குது?

— கேட்டாளே ஒரு கேள்வி! உன் பேரென்ன கொழந்தே?

— அமிர்தம்.

— அமிர்தம்! பாற்கடல்லே பொறந்த பேர். ஆரம்பிச்ச ராஜா போய்ச் சேர்ந்தான். அப்புறம் வந்தவாளுக்கு வேறே வேலை வந்துடுத்து. அவ்வளவுதான்.

— முடிக்காத வேலைக்கே இத்தனை காலமாக் கும்பிடு விழுந்திருக்கு.

— நாக்கு நீளம்! ஆனா மூளை இருக்கு. நீ முன்னாடி வா, அடியேன் பக்கத்திலேயே நட. கேக்கறவா இருந்தாத்தான் சொல்றவனுக்கு உற்சாகம். இது சித்திரை வீதி. தேர் ஓடற வீதி. சந்திரம்மாளா உன் பேரு? ஏன் குதிக்கறே? கல்லு சுடறதா? சுவரோரம் நட, நெழல் இருக்கு.

— மதிலெல்லாம் இவ்வளவு ஒசரமா இருக்கே. சாமிக்கு எதுக்குங்க இத்தனை காவல்?

— நன்னாக் கேட்டே. படையெடுப்பு வந்தது கொழந்தே. மதில் தாண்டி வந்துட்டா. பெருமாளைத் தூக்கிண்டு ராத்திரியோட ராத்திரியா ஓடினா. காடு, மலை, ஊர் ஊரா அலைஞ்சு, ஒரு தலைமுறை கழிச்சுத்தான் திரும்பி எழுந்தருளினார்.

— மிஸ், காதக் கொண்டாங்க. பெருமாளே ஒரு தலைமுறை வெளியில நின்னிருக்காராம். எங்க அப்பாவுக்கு நல்ல துணைதான் இருந்திருக்கு.

— மெதுவாப் பேசு, அமிர்தம். என்னையே பாக்குறார்.

— பாத்தா என்ன? மூக்கும் முழியுமா இருக்கீங்க, பாக்குறாரு.

— என்ன ரகசியம் அங்கே? உத்திர வீதி தாண்டியாச்சு, மண்டபத்துக்குள்ளே வந்தாச்சு. இதோ கடைகள். வளையல், குங்குமம், மரச்செப்பு. கொழந்தேள் வேணும்னா பார்த்துட்டு வாங்கோ. டீச்சரம்மா, நீங்க இப்படித் தூண் நெழலுக்கு வாங்கோ. பாவம், ரொம்ப வேர்க்கறது உங்களுக்கு.

— போயிட்டு வாங்கம்மா. நான் இங்கயே இருக்கேன்.

— மிஸ், இந்தாங்க, உங்களுக்கும் ஒரு ஜோடி வளையல். அரக்கு நிறம். பேரம் பேசியே கடைக்காரம்மாவை அழ வச்சுட்டேன். என்ன, தூணடியில நீங்களும் அவரும் அவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தீங்க?

— ஒண்ணுமில்ல. காலேஜைப் பத்திக் கேட்டார்.

— முகமெல்லாம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?

— வெயில்.

— தொடைக்காதீங்க, பொட்டு கரையுது. இன்னும் கொஞ்ச தூரம்தான். வளையல் பிடிக்கலையா?

— பிடிச்சிருக்கு. அப்புறம் போட்டுக்கறேன்.

— கோஷ்டி சேர்ந்தாச்சா? இந்தாங்கோ, ஆளுக்கு ரெண்டு கிள்ளு துளசி. டீச்சரம்மா, வாங்கிக்கோங்கோ. நீ, ம், நீ. அமிர்தம், நீ கையை நன்னாக் கீழே வை. இன்னும் கீழே.

— கீழ விழுந்துடுச்சுங்க.

— பொறுக்கிக்கோ. முன்னாடி ஓடாதே. எல்லாருக்கும் பின்னாலே வா.

— அப்பப் பக்கத்துல நடன்னாரு, இப்பப் பின்னால வரச் சொல்றாரு. வெயில் இவருக்கும் தலைக்கு ஏறிடுச்சு போலிருக்கு மிஸ்.

— பேசாம வா, அமிர்தம்.

— நில்லுங்கோ. இதுதான் உள் கோபுர வாசல். இதைத் தாண்டினா கருட மண்டபம். அந்தப் பலகையை யாராவது வாசிங்கோ.

— இந்துக்கள் அல்லாதார் உள்ளே வரக்கூடாது.

— ஆச்சா? டீச்சரம்மா, நீங்க முன்னாலே வாங்கோ. படி ஒசரம், வலது காலை எடுத்து வையுங்கோ. பேஷ். காளியாயி, வா. சந்திரம்மா, வா. நீ இரு.

— யாரு, நானா?

— நீதான். குடை, பை, டிபன் கேரியர் எல்லாத்தையும் இவள்கிட்டே குடுங்கோ. ஒருத்தர் காவல் இருக்க வேண்டாமா? கொரங்கு நடமாட்டம் ஜாஸ்தி இங்கே.

— கொரங்கைச் சந்திரா பாத்துக்கட்டும். அவளுக்குக் கால் வேற கொப்பளிச்சுப் போச்சு. காலையிலேருந்து கேள்வி கேட்டது நானு.

— அவ வரட்டும். நீ இரு.

— ஏன் நானு?

— எல்லாத்துக்கும் ஏன், எதுக்குன்னா எப்படி?

— உள்ள வரச் சட்டம் இருக்குங்க.

— யார் இல்லேன்னா? இன்னொரு நாள் உங்க மனுஷாளோட வா, தாராளமா வா, யார் தடுக்கப் போறா? இன்னிக்கு இது அடியேன் கூட்டிண்டு போற கோஷ்டி. உள்ளே அடியேனைத் தெரிஞ்சவா நாலு பேர் இருப்பா. அடியேன் மானத்தையும் நான் பார்க்கணுமோல்லியோ?

— உங்க மனுஷாள்னா யாரு?

— அமிர்தம், விடும்மா. நிதானம்.

— என்ன மிஸ் நிதானம்? படிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு நிதானம்ங்குறீங்க.

— டீச்சரம்மா சொல்றா, கேளு கொழந்தே. நல்ல குலத்துலே பொறந்தவா, எவ்வளவு அடக்கமா—

— நல்ல குலமா? அவங்க வேதக்காரி! ரவிக்கைக்குள்ள சிலுவை தொங்குது, இழுத்துப் பாருங்க! நான் இந்து. பொறந்ததுலேருந்து இந்து. என்னைக் கொரங்குக்குக் காவல் வச்சுட்டு வேதக்காரிக்கு வலது காலா?

— ஹரி ஹரி! டீச்சரம்மா, என்ன சொல்றா இவ?

— உண்மைதாங்க. என் பேரு லூர்துராணி.

— ஏன் இப்படிக் கத்தினே நீ? கடைக்காராள்லாம் எட்டிப் பார்க்கறா. பத்துப் பேர் காதுலே விழுந்தாச்சு, இனிமே அடியேனால என்ன பண்ண முடியும்? நீங்க வெளியே வந்துடுங்கோம்மா. மெதுவா. பொட்டை அழிச்சுடுங்கோ.

— அழிச்சுட்டேன்.

— நெத்தி பூரா ஈஷிண்டிருக்கு. சரி, போகட்டும். நீ வா கொழந்தே. நீ சொன்னதும் நியாயம்தான். உனக்குத்தான் சட்டம் இருக்கே, வா உள்ளே.

— நான் வரல.

— இதென்ன கூத்து! இருன்னா கத்தறா, வான்னா வரலேங்கறா. மத்தவாளாவது வாங்கோ. கருடாழ்வாரைச் சேவிச்சுட்டு வந்துடலாம்.

— மிஸ், அவங்கல்லாம் போயிட்டாங்க.

— தெரியுது. இப்படி வந்து உக்காரு. குடைய விரி, தலை சுடுது.

— திட்டுங்க மிஸ். இல்லேன்னா ஒரு அறை விடுங்க.

— எல்லாரும் பாக்குறாங்க. உக்காரு.

— வேதக்காரின்னு சொன்னேனே, அந்தச் சொல்லு எங்கிருந்து என் வாய்க்கு வந்துச்சு? எங்க ஊரு பண்ணைக்காரம்மா சொல்லு அது. களத்துமேட்டுல கிறிஸ்தவ ஆளுங்க கூலிக்கு நின்னா, வேதக்காரி தள்ளி நில்லுன்னு மூஞ்சிய அஷ்டகோணலாக்கிக்கிட்டுச் சொல்லும். எங்களைக் கூப்பிட வேற ஒரு சொல்லு வச்சிருக்கும். அந்தச் சொல்லக் கேட்டு அழுதவ நானு. இன்னைக்குப் பக்கத்துச் சொல்ல எடுத்து உங்க மூஞ்சியில வீசிட்டேன். அந்தம்மா குரல்லயே வீசினேன் மிஸ், எனக்கே கேட்டுச்சு.

— கோவத்துல வந்த சொல்லு. விடு.

— இழுத்துப் பாருங்கன்னேன். ஒரு ஆம்பளகிட்ட.

— விடுன்னு சொல்றேன்ல.

— நாளைக்குக் காலேஜ் பூராப் பரவிடும். சந்திரா வாயில எதுவும் தங்காது. பொட்டு வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போனீங்களான்னு மேலேருந்து கேப்பாங்க. பூசைக்குப் போனா சாமியார் கேப்பாரு. பாளையங்கோட்டைக் கன்னியாஸ்திரிங்க காலேஜ் வேலை என்ன ஆகும்?

— போனாப் போகட்டும்.

— அப்படிச் சொல்லாதீங்க! கோவிச்சுக்கிட்டீங்கன்னா நான் கால்ல விழுந்து கெடப்பேன். கல்லு மாதிரி உக்காந்திருந்தா நான் என்ன செய்ய? கூட்டிட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணினேன். வலது காலை உள்ள வச்சுட்டீங்க. நானே இழுத்துப் போட்டுட்டேன்.

— காலைத் தொடாதே. எந்திரி.

— மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எந்திரிக்கிறேன்.

— சொல்ல முடியாது.

— அவ்வளவு கோவமா?

— கோவமில்ல. எனக்கு அதைச் சொல்ற யோக்கியதை இல்ல. அந்த ஆளு உன்ன ஏன் நிறுத்தினார்னு யோசிச்சியா?

— யோசிக்க என்ன இருக்கு? என் கறுப்புதான் ஊருக்கே தெரியுதே.

— காளியாயி உன்னைவிடக் கறுப்பு. அவ உள்ள போயிட்டா.

— என் பேச்சு பிடிச்சிருக்காது.

— உன் பேச்சு பிடிச்சுத்தான் பக்கத்துல நடக்கச் சொன்னார். எப்ப உன்னப் பின்னால வரச் சொன்னார்?

— வளையல் கடைக்கு அப்புறம். மிஸ், ஏன் என் முகத்தப் பாக்க மாட்டேங்குறீங்க?

— தூணடியில நிக்க வச்சுக் கேட்டார். எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா பேரென்னன்னு. கேட்டுக்கிட்டே என் நெத்தியப் பாக்குறார். எனக்கு வேர்த்துக் கொட்டுது, பொட்டு வழியுது, அப்பா பேரு அற்புதசாமின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அப்பத்தான் சொன்னேன். அதோ வளையல் கடையில நிக்குறா பாருங்க அமிர்தம், மருங்காபுரி சேரிப் பொண்ணு, சர்க்கார் பணத்துல படிக்குது, நான்தான் கை தூக்கி விட்டேன்னு.

— அதனால என்ன மிஸ்? பெருமையாத்தானே சொல்லியிருப்பீங்க. எல்லார்கிட்டயும் சொல்றதுதானே.

— பெருமைன்னுதான் அந்தத் தூண்லேருந்து இந்த வாசல் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்தேன். ஆனா அவர் கண்ணு என் நெத்திய விட்டு உன் பக்கம் திரும்புச்சு பாரு அமிர்தம், அப்ப எனக்கு அப்பாடான்னு ஒரு மூச்சு வந்துச்சு. அந்த மூச்சுதான் உண்மை.