ஏழு கொக்கி

— கண்ணைத் துடை பாப்பா. இப்படிக் கட்டில்கிட்ட வந்து உக்காரு. ஒரு கதை சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் அழு.

— கதை கேக்குற நேரமா அண்ணி இது? கிட்னில கிருமி ஏறி உங்களுக்கு மூணு நாளா காய்ச்சல். "தண்ணியே குடிக்கிறதில்லையாமே, வீட்டுல யாரும் பார்க்க மாட்டீங்களா"ன்னு டாக்டரம்மா என்னைப் புடிச்சுத் திட்டுறாங்க.

— அந்தக் கதைதான். ஒரு ஊர்ல ஒரு சலவைக் கம்பெனி. ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் போர்வை எல்லாம் அங்கதான் வரும். அங்க எழுபது பொம்பளைங்க. ஈர மூட்டையைத் தூக்கித் தூக்கி ஒவ்வொருத்தி முதுகும் வில்லா வளைஞ்சு போச்சு.

— அது உங்க கம்பெனி அண்ணி.

— குறுக்கே பேசாதே. அதுல ஒருத்தியோட நாத்தனார் பெரிய கெட்டிக்காரி. முதுகுல இழுவைப் பட்டை, தொடையில வார், உடம்புலயே மாட்டிக்கிற மாதிரி ஒரு சூட்டு செஞ்சு குடுத்தா. குனிஞ்சா தாங்கும், நிமிர்ந்தா தூக்கிவிடும். முப்பது கிலோ மூட்டை பூக்கூடை மாதிரி வந்துச்சு.

— நிஜமா அவ்வளவு நல்லா இருந்துச்சா?

— உன்கிட்ட பொய் சொல்வேனா? பன்னெண்டு வருஷத்து வலி, ஒரே வாரத்துல போன இடம் தெரியல. உங்கண்ணன்கூட "என்னடி, குமரி மாதிரி நடக்குற"ன்னாரு.

— அப்புறம் என்ன ஆச்சு?

— ஒண்ணுக்கு வந்துச்சு.

— அண்ணி!

— என்ன அண்ணி? ஏழு கொக்கி. கழட்ட நாலு நிமிஷம், திரும்ப மாட்ட ஆறு நிமிஷம். முதுகுப் பக்கம் இழுத்துவிட இன்னொருத்தி வேற வேணும். எங்களுக்கு இடைவேளையே பத்து நிமிஷம். எங்கள்ல ஒரு வாயாடி கேப்பா, "கர்ணன் கவசத்தைக் கழட்டாமயே எப்படிடி ஒண்ணுக்குப் போனான், எந்தப் புலவனாவது பாடியிருக்கானா"ன்னு. சிரிச்சுக்கிட்டே எல்லாரும் தினமும் காலையிலேருந்தே தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டோம்.

— சோதனை பண்றப்போ யாருமே சொல்லலையே. தோள் உறுத்துதா, இடுப்பு இறுக்குதா, வேர்க்குதான்னு ஒவ்வொண்ணா கேட்டேனே.

— அரை மணி நேரம் போட்டுப் பார்க்கச் சொன்னே. அரை மணியில யாருக்கு முட்டும்? உன்கூட அளவெடுக்க வந்த அஞ்சு பேரும் ஆம்பளைங்க. அவங்க முன்னாடி இதையா சொல்றது?

— வீட்டுல சொல்லியிருக்கலாம்ல? ஞாயித்துக்கிழமை வந்தா என் தலையை வாரிவிடுறீங்க. அப்போ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— நாத்தனார் செஞ்சதுக்கு அண்ணிக்காரி நொட்டை சொன்னா வீடு தாங்குமா? "எம்பொண்ணு பேரெடுக்கறது இவளுக்குப் பொறுக்கல"ன்னு உங்கம்மா ஆரம்பிச்சிடுவாங்க. அதான் பேரு போடாம ஒரு தாள்ல எழுதி ஆபீஸ் புகார்ப் பெட்டியில போட்டேன்.

— பெட்டியிலயா? எப்போ?

— எட்டு மாசம் இருக்கும்.

— "கொக்கியைக் குறைங்க, இல்லைன்னா நாங்க வாயைக் கட்டணும்"னு... அதுவா அண்ணி?

— மனப்பாடமா சொல்றியே.

— அது என் மேஜைக்கு வந்துச்சு. கொக்கியைக் குறைச்சா பட்டை நழுவும். முழுசா மாத்தி வெட்டணும், அரை வருஷம் தள்ளிப் போகும். பேரில்லாத தாள்தானேன்னு... "இது ஒருவருடைய குறை, பழகினால் சரியாகிவிடும்"னு பதில் எழுதினது நான்தான். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா...

— தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பே. அண்ணியாச்சே.

— குத்தாதீங்க அண்ணி. இன்னைக்கே போறேன். எழுபது சூட்டையும் திரும்ப வாங்கிடறேன். எம்பேரு கெட்டாக் கெடட்டும்.

— வாங்கு. முதல்ல அதைச் செய். ஆனா பாவத்தை நீ ஒருத்தியே சுமக்காதே.

— நீங்க என்ன பண்ணினீங்க?

— உன் பதிலை அறிவிப்புப் பலகையில ஒட்டினாங்க. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அன்னைக்கே எல்லாரும் கூடி ஆபீஸுக்குள்ள போகக் கிளம்பிட்டாங்க. நான்தான் வாசலை மறிச்சுக்கிட்டு நின்னேன். "நம்ம வீட்டுப் பொண்ணு செஞ்சதுடி, பழகிடும், போங்க"ன்னு திருப்பி அனுப்பினேன். அதோ, ஜன்னலோரக் கட்டில்ல முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்திருக்காளே, அவளும் எங்க கம்பெனி ஆளுதான், அவளுக்கும் இதே காய்ச்சல்தான். என்கூடப் பேச மாட்டேங்கிறா.

— அண்ணி...

— உன் வீடு நல்லா இருக்கட்டும், உன் புள்ளைங்க நல்லா இருக்கட்டும்னு கும்புடாத நாளில்ல. இனியும் கும்புடுவேன். அவளுங்களுக்கும் வீடு இருக்குன்னு அந்த வாசல்ல நிக்கிறப்போ எனக்குத் தோணலையே, கண்ணு.