அக்காவின் எறும்புகள் பத்திரமாக இருக்கின்றன

வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க்கைக் கணினியிலிருந்து எடுப்பதற்கு முன், திரையின் ஓரத்தில் இரண்டு கிளிக் செய்ய வேண்டும். அவ்வளவுதான். என் அக்கா அதை மட்டும் செய்யவே மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேக்கப் எடுத்து முடித்ததும் வயரைச் சடக்கென்று பிடுங்கி, டிஸ்க்கை என் மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள்.

"சொல்லிட்டு வெளிய எடுக்கணும்க்கா. அது பாதி எழுதிட்டிருக்கும்."

"உன்னைக்கூட யாரும் சொல்லிட்டு வெளிய எடுக்கல. சுமாரா ஓடிட்டுதானே இருக்கே?"

நான் கணினி பழுதுபார்ப்பவன். கீழ்த்தளத்தில் என் கடை, அதன் பின்னால் என் அறை. மாடியில் அக்கா. எங்கள் இருவரைத் தவிர வீட்டில் வேறு யாருமில்லை, அவளுடைய எறும்புகளைச் சேர்க்காவிட்டால். பழைய கட்டடங்களின் சுவர்களுக்குள் குடித்தனம் நடத்தும் எறும்புகளைப் பற்றி ஆறு வருடமாக ஆய்வேடு எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முழுதாக முடிக்காமல் யாருக்கும் காட்ட மாட்டாள். இணையத்தில் போட்டு வை என்றால், "உன்கிட்ட இருக்கு, அது போதாதா?" என்பாள்.

மாத முடிவுக்குள் ஒப்படைத்தால் வேறொரு நகரத்துக் கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை உறுதி. இரண்டு பெட்டிகள்கூட வாங்கிவிட்டாள்.

"அங்க போனா பேக்கப்பெல்லாம் யார் பாத்துக்குவா?" என்று கேட்டேன்.

"ஏன், அந்த ஊர்ல ஒரு டாக்டர் கிடைக்காமலா போயிடுவாரு?"

டாக்டர் என்பது அவள் எனக்கு வைத்த பெயர். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

இந்த இடத்தில் பார்ட்டிஷன் பட்டியல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் ஒரு பெயர்ப் பலகை இருக்கும். எந்த மாடியில் யார் என்று அதில் எழுதியிருப்பார்கள். ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. அவளுடைய கணினிக்குள் இருக்கும் டிஸ்க்கில் அது வெறும் அறுபத்து நான்கு பைட்டுகள். ஒரு சிறிய வாக்கியத்துக்குக்கூடச் சரியாகக் காணாது. அந்தப் பலகையைக் கழற்றிவிட்டால், உள்ளே எல்லோரும் வழக்கம்போலக் குளித்து, சமைத்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் நிற்கும் தபால்காரர் மட்டும் கட்டடம் காலி என்று திரும்பிப் போய்விடுவார். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்.

நான் பலகையைத்தான் கழற்றினேன். அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம். நான்கு நிமிட வேலை.

அன்று மாலையே கணினியைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"டாக்டர், பொழைக்குமா?"

"கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா."

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பழுதான டிஸ்க்கைத் தொடுவதற்கு முன், அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பலர் இதற்குச் சோம்பல்படுவார்கள். நான் படியெடுத்தேன். படியில் பலகையைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் திறந்தன. படியெடுத்த அந்த டிஸ்க்கை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு, வெளியில் செருகும் டிஸ்க்கிலிருந்த பேக்கப். அதில் இரண்டு இருந்தன. ஒன்று போன ஞாயிறு எடுத்தது, குறையில்லாமல் இருந்தது. மற்றது மூன்று வருடத்துக்கு முந்தையது. அதில் ஆய்வேடு பதினான்கு பக்கம். பேக்கப்பிலிருந்து மீட்பது நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது, ஒரு வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே அதே வீட்டில் வேறு ஆட்களைக் குடியேற்றுவது. பழையவர்கள் அதோடு சரி. நான் மூன்று வருடத்துக்கு முந்தையதைக் குடியேற்றினேன். போன ஞாயிறு எடுத்ததை அழித்தேன்.

"போன வாரம் எடுத்தது என்னாச்சுடா?"

"பாதியில நின்னிருக்குக்கா. நீ வயரைப் பிடுங்கினே இல்ல?"

முக்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தப்புதான்டா. நீ சொல்லிட்டேதான் இருந்தே. உன்னையும் ரெண்டு நாளா அலைய விட்டுட்டேன். சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை என்றேன். அது பொய்யில்லை.

அவள் அளவெடுத்த சுவர்களில் பாதியை இப்போது இடித்துவிட்டார்கள். ஆனால் கைப்பட எழுதிய குறிப்பேடுகள் நான்கு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. ஆய்வேட்டை ஒப்படைக்க அவளுடைய பல்கலைக்கழகம் ஒரு வருடம் அவகாசம் கொடுத்தது. அந்த வெளியூர்க் கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. மாலைகளில் என் அறைக்கு வந்து குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லுவாள், நான் தட்டச்சு செய்வேன். முதலில் அவளேதான் அடித்தாள், மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான்தான் பட்டி வாங்கிக் கொடுத்தேன்.

"கூட்டுக்குப் பக்கத்துல கமா போடுடா."

"எறும்புக்குக் கமா தெரியுமாக்கா?"

"உன்னைவிட நல்லாத் தெரியும். அது எங்க நிக்கணுமோ அங்க நிக்கும்."

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

தனியாக இருக்கப் பயந்து செய்தேன் என்று யாராவது நினைக்கலாம். அப்படியில்லை. இரண்டு கிளிக் செய்யத் தெரியாதவளை முன்பின் தெரியாத ஊருக்கு எந்தத் தம்பி அனுப்புவான்? இப்போது அவள் இரண்டு கிளிக் செய்கிறாள். செய்துவிட்டு, "சரியா?" என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.

இழுப்பறையில் இருப்பதை மாதம் ஒருமுறை சோதிக்கிறேன். சோதிக்காத பேக்கப் பேக்கப்பே அல்ல. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. அவள் முடித்ததும் கொடுத்துவிடுவேன். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

நேற்று இருநூறாவது பக்கம் முடிந்தது. வேறு ஏதோ ஒரு ஊரில் ஒரு கல்லூரி ஆள் எடுக்கிறதாம், விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். படியேறும்போது திரும்பி, கணினி இரண்டு நாளாகக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்றாள்.

கீழே கொண்டு வா, பார்க்கிறேன் என்றேன்.