கேரியர் மூடி சொன்ன செய்தி

கடற்காற்றில் கலைகிற கூந்தலை ஒரு கையாலும் பறக்கிற காகிதங்களை மறு கையாலும் அடக்கிக்கொண்டு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் ஜானட் அம்மா அவர்களே! கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி செங்குட்டுவன் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் உட்கார்ந்துவிட்ட தெருச் சங்கத் தலைவர் அன்புமணி அவர்களே! துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு வளைந்தும் முனகாத மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் கையில் சாப்பாட்டுக் கேரியருமாக மணலில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உட்கார்ந்தால் பேண்ட்டில் மணல் ஒட்டும் என்று ஓரமாக நிற்கும் இளவட்டங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் எண்ணூர்க் காற்று எட்டுகிற தூரம் வரைக்கும் என் வணக்கம்.

யாரது அங்கே? "நைனா, கேரியர எடுத்தாரச் சொல்லிட்டு சோத்து வாசனையே காணோமே" என்று கேட்பது? பொறு மாமு. இன்றைக்கு அந்தக் கேரியரில் சோறு இல்லை, சேதி இருக்கிறது.

நான் பேசி முடித்ததும் கம்பெனியில் சங்கு ஊதும். அது சாப்பாட்டுச் சங்கு அல்ல, சோதனைச் சங்கு. அந்தச் சங்குக்கு நம் தெருக்கள் சரியாகப் பதில் சொன்னால், ஆபத்துக் காலத்தில் நமக்கு எச்சரிக்கை தரும் முறை மாறும். சொல்லத் தவறினால், தலைமை அலுவலகம் விரும்புகிறபடி செல்போனுக்கு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வரும். அவ்வளவுதான். எழுத்தே பழகாத என் கண்ணுக்கு அது எறும்பு ஊர்வது போல இருக்கும். எறும்பைப் பார்த்து எந்தப் பக்கம் ஓடுவது?

என்னை எதற்கு இந்த மேடையில் ஏற்றினார்கள்? சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு, ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரைக்கும் கூட்டம், வேலைநிறுத்தம், கோயில் திருவிழா, தேவாலயக் கொடியேற்றம் என்று கூவிக்கொண்டே போனவன் நான். நோட்டீசை யாராவது ஒருமுறை படித்துக் காட்டினால் போதும், நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெகுஜனத் தொடர்பின் வரலாற்றைச் சொல் என்று ஜானட் அம்மா என்னிடம் கேட்டபோது, அம்மா, அது என் வயிற்றுப் பிழைப்பின் வரலாறு என்றேன்.

முதலில் முரசு. முரசு முழங்கியது, முச்சந்தி கேட்டது. பிறகு தமுக்கு. தமுக்கு தட்டினால் தெரு திரும்பிப் பார்த்தது. பிறகு கப்பலேறி வந்தது அச்சு. ஒருவன் எழுதினால் ஓராயிரம் பேர் படிக்கலாம் என்றானது. ஆனால் நம் கூலிக்காரனுக்குப் படிக்கத் தெரியுமா? தெரியாது. அதற்காக விட்டுவிட்டானா? சங்கத்துப் படிப்பகத்தில் ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிப்பார், சுற்றி உட்கார்ந்து ஐம்பது காதுகள் படிக்கும். பிறகு பூங்காவில் மாநகராட்சி ரேடியோ. பிறகு பஞ்சாயத்து டிவி. பிறகு பாக்கெட்டுக்குள் புகுந்துகொண்ட செல்போன். குரல் வளர்ந்தது, கருவி வளர்ந்தது, தூரம் தேய்ந்தது. எல்லாம் சரி. சொன்னது போய்ச் சேர்ந்ததா? அதுதான் கேள்வி. அதுதான் என்றைக்கும் கேள்வி!

இந்தப் படிப்பில் பழைய கொள்கை ஒன்று இருக்கிறதாம். செய்தி என்பது தோட்டா. சுட்டால் நேராக நெஞ்சில் பாயும், சுட்டவன் நினைத்தது அப்படியே நடக்கும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது, முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மகிமா. மளிகைக்கடை வேதமாணிக்கம் அண்ணாச்சியின் மகள், ஜானட் அம்மாவின் மாணவி. தோட்டா என்றதும் எனக்குப் பிடித்துப்போனது. குழாய் பிடித்தவனுக்குப் பிடிக்காதா? ஆனால் மகிமாவே சிரித்துக்கொண்டு, "அந்தத் தோட்டா நம்ம ஊர்ல திரும்பிப் பாஞ்சிருக்கு தாத்தா" என்றாள்.

எப்படிப் பாய்ந்தது? கேளுங்கள்.

போன வருஷம் மழைக்கு முன்னால் கம்பெனியில் குழாய் விட்டுப் போய் வாயு கசிந்தது. விதிப்படி சங்கு ஊதினார்கள். நீளமாக, விட்டு விட்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி ஊதினார்கள். குறை சொல்ல முடியுமா? முடியாது. அனுப்புகிறவர் இருந்தார், செய்தி இருந்தது, வழி இருந்தது, வாங்குகிறவரும் இருந்தார். பாடத்தில் கேட்கிற எல்லாமே இருந்தது.

ஆனால் வாங்குகிறவர் யார்? நாம்! நமக்குக் கடிகாரம் தப்பாக ஓடலாம், சங்கு தப்பாது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு உள்ளே கேன்டீன் கிடையாது, சங்கு ஊதினால் வீட்டுப் பெண்கள் சோறு கொண்டு போய் கேட்டில் கொடுக்க வேண்டும். வேலை அவசரம் என்றால் சாப்பாட்டை முன்னால் தள்ளுவார்கள், சங்கும் முன்னால் ஊதும். அன்றைக்கும் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், அதே சங்குதான் ஊதியது. நம் பெண்கள் என்ன செய்தார்கள்? கதவைச் சாத்தினார்களா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களா? கேரியரைத் தூக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்கள்! விலகு என்று ஊதிய சங்கு, வா என்று அழைத்தது. சாவை நோக்கிச் சாம்பாரோடு ஒரு வரிசை!

வரிசையில் முதல் ஆள் கெங்கம்மா. இதோ இந்த மேடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கிளம்பினால் தெருவே கிளம்பும். குழம்பு கொதித்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் கிளம்பும். பெரிய செய்தி நேராக ஜனத்திடம் போவதில்லை, ஜனம் நம்புகிற ஒருவர் வழியாகத்தான் போகிறது என்று இன்னொரு கொள்கை இருக்கிறதாம். அந்தக் கொள்கைக்கு எங்கள் தெருவில் கெங்கம்மா என்று பெயர்.

அவள் புருஷன் லோகநாதன் கேட்டுக்கு உள்ளே இருந்து பார்த்துவிட்டான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினான். இவள் என்ன நினைத்தாள் தெரியுமா? மனுஷனுக்குப் பசி போல என்று நடையை எட்டிப் போட்டாள். சிரிக்கிறீர்கள். இதைச் சொல்லக் கேட்டபோது நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அடுத்த நொடி அவள் தொண்டை அடைத்து, கண் எரிந்து, ரோட்டில் விழுந்தாள்.

பின்னால் பெண்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவள் விழுந்ததைப் பார்த்து, தூக்குவதற்காக இன்னும் வேகமாக வருகிறார்கள். கத்தினால் தடுக்கலாம். கத்துவதற்குக் குரல் இல்லை. அப்போது அந்தப் பெண்பிள்ளை, கேரியர் மூடியைக் கழற்றி, தார் ரோட்டில் ஓங்கி ஓங்கி அடித்தாள். டங்! டங்! டங்! சாப்பாட்டுப் பாத்திரத்தை அப்படி அடிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? கிடையாது. அதனால்தான் நின்றார்கள். நின்று பார்த்தார்கள். திரும்பினார்கள். லோகநாதன் ஓடிவந்து அவளைத் தூக்கினான். பிழைத்தாள். குரல் மட்டும் பாதிதான் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் மகிமா கேள்வித்தாளோடு வந்தாள். வீடு வீடாக ஏறி இறங்கினாள். சங்கு கேட்டதா என்று கேட்டாள். கேட்டது என்றார்கள் எல்லாரும். ஏறிய வீட்டிலெல்லாம் ஆமாம்! மகளின் ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது என்று அவள் அப்பன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். ஆராய்ச்சி முடிந்தது என்று கடைசியாகக் கெங்கம்மா வீட்டுப் படியில் வந்து நின்றாள். அங்கே நானும் இருந்தேன். கெங்கம்மா உடைந்த குரலில் சொன்னாள்:

"நல்லாவே கேட்டுச்சு கண்ணு. கேட்டதாலதான் போனேன்."

மகிமாவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். கேட்டதா என்பது ஒரு கேள்வி, கேட்டு என்ன செய்தாய் என்பது வேறு கேள்வி. பேனாவை மூடினாள். மறுநாள் முதல் கேள்வித்தாள் இல்லை. சோறு வடிக்கும்போது கூட நின்றாள், கேரியரோடு கூட நடந்தாள், கேட்டில் கூடக் காத்திருந்தாள். வேதமாணிக்கம் அண்ணாச்சி, "ஏ புள்ள, உன்னைப் படிக்க அனுப்புனனா, சோறு சுமக்க அனுப்புனனா" என்று சத்தம் போட்டார். "இதுவும் ஆய்வு முறைதான்ப்பா" என்றாள். அது என்ன முறையோ, அதற்கு ஒரு கும்பிடு! கேட்டு அறிவது ஒரு முறை, கூட இருந்து அறிவது ஒரு முறை. இரண்டும் சேர்ந்தால்தான் முழு உண்மை.

அந்த நடையில் பிறந்ததுதான் இன்றைய சோதனை. சங்கு ஊதும். உடனே ஒலிபெருக்கியில் குரல் வரும். யார் குரல்? ரேடியோக் குரலா? பட்டணத்துப் பதவிசுக் குரலா? இல்லை! இந்த ஊர் நம்புகிற குரல். பாதி உடைந்த, முழுக்க நம்முடைய குரல். "அழகாப் பேசுற யாரையாச்சும் வெச்சிக்கலாமே" என்று செங்குட்டுவன் சார் அன்றைக்குத் தயங்கினார். கெங்கம்மா திருப்பிக் கேட்டாள், "அழகாப் பேசுனா எவ சார் பயப்படுவா?" சார் சிரித்துவிட்டார். இன்று மேடைக்கே வந்துவிட்டார். கைதட்டுங்கள். போதும், கையைச் சேமித்து வையுங்கள், வேலை இருக்கிறது.

அந்தக் குரலைக் கேட்டதும் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில் கேரியர் மூடியைத் தட்ட வேண்டும். இந்தத் தெரு தட்டினால் அடுத்த தெரு தட்ட வேண்டும், அதற்கடுத்த தெரு தட்ட வேண்டும். தட்டிக்கொண்டே, கம்பெனிக்கு முதுகைக் காட்டி, காற்றுக்குக் குறுக்கே தள்ளி நடக்க வேண்டும். கேட்டில் நிற்கிறவர்களின் காதில் நம் மூடிச் சத்தம் விழ வேண்டும். படித்தவர்கள் இதை மறுமொழி என்கிறார்கள். ஆதி முரசு முதல் இன்றைய செல்போன் வரை நமக்குச் சொன்னவர்கள் ஏராளம். நாம் திருப்பிச் சொன்னதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஊதுகிறவனுக்கு வாய் இருந்தால் போதுமா? காது வேண்டாமா? அந்தக் காதைத் திறக்கப் போகிறது என் தாய்மார்களின் கையில் இருக்கிற இந்த எவர்சில்வர் மூடி!

"சங்கு ஊதப்போறாங்கோ, முடி நைனா" என்கிறார் அன்புமணி. முடிக்கிறேன். கூட நடந்த மகிமாவுக்கும், நடக்க விட்ட அண்ணாச்சிக்கும், வழிகாட்டிய ஜானட் அம்மாவுக்கும், மனம் மாறிய அதிகாரிக்கும், விழுந்தும் நம்மை விழவிடாத கெங்கம்மாவுக்கும் இந்தக் கடற்கரை நன்றி சொல்கிறது.

எழுந்திருங்கள் தாய்மார்களே. தம்பிகளா, பேண்ட்டைத் தட்டியது போதும், மூடியைத் தட்டுங்கள். கெங்கம்மா, மைக்கைப் பிடி. விடைபெறும்போது கைகூப்பி வணங்குவதுதான் மேடை மரியாதை. இன்றைக்கு என்னால் முடியாது, மன்னியுங்கள்.

என் கையிலும் ஒரு மூடி இருக்கிறது.