நேராக நட்ட நத்தார் மரங்கள்

வெண்பனியைப் படம் எடுக்கிறது லேசான வேலை எண்டுதான் ஆக்கள் நினைக்கினம். கமராவை அதின்ரை போக்கில விட்டால் பனி முழுக்கச் சாம்பல் நிறமா விழும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கவேணும். இதை அந்தப் பொலிஸ்காற அம்மாவுக்குப் பிரெஞ்சில சொல்லுங்கோ பிள்ளை. நான் கொண்டுவந்த படங்களைத்தான் அவ மேசையில பரப்பி வைச்சிருக்கிறா. அதிலயிருந்தே தொடங்குவம்.

இதில தெரியிறதெல்லாம் கபான். ஆறு உறைஞ்சாப்பிறகு மேல இழுத்துக்கொண்டு போய் வைக்கிற சின்ன மரக்கொட்டில். உள்ளுக்க ஒரு அடுப்பு, ஒரு வாங்கு, கீழ பனிக்கட்டியில ஒரு துளை. துளைக்குள்ள தூண்டிலை விட்டிட்டு நாள் முழுக்க இருப்பினம். மொன்றியலில இருந்து காரில கிட்டத்தான். நான் மீன் பிடிக்கிறேல்லை. பிருந்தன்தான் பிடிக்கிறவன். அந்தச் சிவப்புக் கபான் அவன்ரை.

கார்ட்டியர்வில்லில எங்கடை வீட்டுக்கு அடுத்த கதவு பிருந்தன். என்ரை மகன் தனோஜன் அவனை அண்ணா எண்டுதான் கூப்பிடுவான். எங்களுக்கு ஒரே பிள்ளை. ரெண்டு வருசத்துக்கு முந்தி, நவம்பர் கடைசியில, ஒரு கலியாண வீட்டாலை ரெண்டு பேரும் பிருந்தன்ரை காரில வந்தவங்கள். அண்டைக்குத்தான் முதல் உறைமழை, விழுந்த கையோட றோட்டெல்லாம் கட்டியாப் போச்சு. காருக்குப் பனிக்கால டயர் போடேல்லை. அடுத்த கிழமை மாத்துவம் எண்டு இருந்தவனாம். கார் சறுக்கிப் பாலத்துக் கட்டில அடிபட்டது. பிருந்தனுக்குத் தோள் விலகினது. தனோஜனை நாங்கள் போர்த்தி வைச்சிருக்கத்தான் கண்டனாங்கள்.

தனோஜன்ரை உடலைப் பார்வைக்கு வைச்ச மலர்ச்சாலையில பிருந்தன் கையைத் தூக்கிக் கட்டினபடி வந்து என்ரை காலில விழுந்தான். நான் அவனைத் தூக்கி நிப்பாட்டி, உன்னில பிழை இல்லைத் தம்பி, அவன்ரை காலம் அவ்வளவுதான் எண்டன். சனம் பாத்துக்கொண்டு நிண்டது. பேந்து கோயிலில என்னைக் காணுற ஆக்கள் எல்லாம் அதைப்பற்றித்தான் கதைச்சவை. இப்பிடி ஒரு மனசு ஆருக்கு வரும் எண்டு. விசாரணையிலயும் நான் அவனுக்குச் சார்பாத்தான் சொன்னனான்.

என்ரை மனுசி புஷ்பராணி மட்டும் வீட்டை வந்தாப்போலை கேட்டா.

"எப்பிடி உங்களுக்கு அவனைத் தொட மனம் வந்தது?"

நான் விளங்கப்படுத்தப் பாத்தன். அவ அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. மாதக்கணக்கா அழுதா. அழுது அழுது, கொஞ்சம் தேறி, திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கினா. நான் அழேல்லை. மன்னிச்ச ஆள் இருந்து அழுறது சரியில்லை எண்டு எனக்குப் பட்டது.

அந்த மாரியிலயே பிருந்தன் என்னைக் கபானுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினான். வீட்டுக்குள்ளயே இருந்தால் விசர் பிடிக்கும் அண்ணை, கமராவை எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டான். கமரா தனோஜன்ரை. ஆசைப்பட்டு வாங்கினவன், பெரிசாப் பாவிக்கேல்லை. சனிக்கிழமைகளில போவம். பிருந்தன் உள்ளுக்க இருந்து மீன் பிடிப்பான். நான் வெளியில நிண்டு கபான்களைப் படம் எடுப்பன். எனக்குக் கை விறைக்கும் எண்டு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வெளியில வருவான். நல்ல பெடியன். அதையும் எழுதச் சொல்லுங்கோ.

இந்தத் தை மாசம் அப்பிடித் தேத்தண்ணி கொண்டுவந்து தரேக்கதான் சொன்னான், மனுசி லக்சனா பிள்ளைத்தாச்சி எண்டு. பெடியன் எண்டு ஸ்கானில தெரிஞ்சிட்டுதாம். சொல்லிப்போட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தினான்.

"தனோஜன் எண்டு பேர் வைக்கட்டோ அண்ணை?"

"வை. வடிவான பேர்" எண்டன்.

அவனுக்குக் கண் கலங்கிப்போச்சு. நான் முதுகில தட்டிக்குடுத்தன். அண்டைக்குப் பின்னேரம் எடுத்த படங்கள் இந்தா இருக்கு. பாருங்கோ, ஒண்டிலயும் கை நடுங்கேல்லை.

இனி அந்த மரங்களைப் பற்றிச் சொல்லவேணும். கரையிலயிருந்து கபான்களுக்குப் போற வழியில, கிறிஸ்மஸ் முடியச் சனம் கழிச்சுவிட்ட நத்தார் மரங்களைப் பனிக்கட்டியில நட்டு அடையாளம் வைச்சிருப்பினம். வழி நேராப் போகாது. ஓரிடத்தில கீழால நீரோட்டம் இழுக்கும், அங்கை கட்டி மெல்லிசு. மரங்கள் அதைச் சுத்தி வளைஞ்சுதான் போகும். அந்த வளைவு படத்தைக் கெடுக்குது எண்டு எனக்கு எப்பவும் ஒரு குறை. மரங்கள் கரையிலயிருந்து சிவப்புக் கபான் மட்டும் ஒரே நேராப் போனால், பாக்கிற கண்ணும் தானா அங்கை போகும்.

அடுத்த சனிக்கிழமை விடியவே நான் தனியப் போனன். ஆரும் வந்திருக்கேல்லை. இரவு பெய்த பனி பழைய கால்தடம் எல்லாத்தையும் மூடியிருந்தது. வளைவில நிண்ட மரங்களைப் பிடுங்கி, அடியில பனியைக் குவிச்சு, நேரா நிப்பாட்டினன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான் நட்டன். நடுவில நடேல்லை. அங்கை கட்டி என்னைத் தாங்காது எண்டு எனக்குத் தெரியும்.

பிருந்தன் வரேக்க காத்து பனியை அள்ளி எறிஞ்சுகொண்டிருந்தது. அந்த மாதிரி நேரத்தில எவ்வளவு பழகின ஆளும் மரத்தைப் பாத்துத்தான் நடக்கும். நீ முன்னால போ தம்பி, நடந்து போற ஆள் ஒண்டு படத்தில வேணும் எண்டன். சிரிச்சுக்கொண்டு, சாமான் வண்டிலை இழுத்துக்கொண்டு போனான். பாதி வழியில திரும்பிக் கையைக் காட்டினான். நடுவில கிடக்கிற படம் அதுதான். அதுக்கு அடுத்ததில ஆள் இல்லை.

ஏன் உதவிக்குப் போகேல்லை எண்டு அவ கேக்கிறா, என்ன? காரில கயிறு இருந்தது. கரையில நீளத் தடியும் கிடந்தது. அந்தத் தண்ணியில ஒரு ஆள் எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு நான் வாசிச்சு வைச்சிருந்தனான். அந்த நேரம் முடிஞ்சாப்பிறகுதான் போனை எடுத்தன்.

ஆக்கள் வரேக்க நான் நட்ட மரங்களும் விழுந்து கிடந்தது. காத்துத்தான் மரங்களைப் பிரட்டிப்போட்டுது எண்டு எல்லாரும் கதைச்சினம். என்னைத் தேறுதல் சொல்லிக் காரில ஏத்தி விட்டினம்.

போன கிழமை லக்சனா வீட்டில, பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள், துடக்குக் கழிவு. பிள்ளையின்ரை காதில என்னைத்தான் பேர் சொல்லச் சொன்னா.

"அவர் ஆசைப்பட்டுக் கேட்டவராம். நீங்கள் சொன்னால்தான் அண்ணை அவரின்ரை மனம் ஆறும்."

பிள்ளையைக் கையில தந்தா. பால் மணம். நான் குனிஞ்சன். பேர் வாயில வரேல்லை. மகன் போனாப்பிறகு அண்டைக்குத்தான் முதல்தரம் அழுதன். சனம் திரும்பவும் என்ரை மனசைப் பற்றிக் கதைச்சது. புஷ்பராணி மட்டும் என்னையே பாத்துக்கொண்டிருந்தா. வீட்டை வந்து ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்கு நான் சப்பாத்துப் போடேக்க, எங்கை போறீங்கள் எண்டும் கேக்கேல்லை.

மரங்களைப் பிடுங்கினது நான். அவனை முன்னால அனுப்பினது நான். தெரிஞ்சுதான் செய்தனான். எல்லாத்தையும் எழுதட்டும், கையெழுத்து வைக்கிறன். பழி வாங்கினது எண்டு மட்டும் எழுதவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. மலர்ச்சாலையிலயே அவனை மன்னிச்சிட்டன். தண்ணிக்குள்ள இருந்து அண்ணை, அண்ணை எண்டு கூப்பிட்டான். நான் நிண்ட இடத்தில நிண்டுகொண்டு, வாறன் தம்பி எண்டன். ஒவ்வொருக்கா அவன் கூப்பிடேக்கையும் சொன்னன், அவன் கூப்பிடாமல் விடுமட்டும். கோபம் இருக்கிற மனுசன் அவ்வளவு ஆறுதலாப் பதில் சொல்லுவானோ, பிள்ளை?