இரண்டு காலிலும் இருந்த எலும்பு

செந்தூரன் உதயகலா, வயது முப்பத்தேழு, தொழில் தையல், வசிப்பது உடுவில். இந்த வழக்கில் நான் முன்பு ஒரு வாக்குமூலம் தந்திருக்கிறேன். அதில் ஒன்றைத் திருத்தவும் ஒன்றைத் திருத்தாமல் வைக்கவும் இன்று நானாகவே பொலிஸ் நிலையம் வந்தேன்.

என் மகள் கோபிகாவுக்கு வயது பத்து. புலமைப்பரிசில் பரீட்சைக்காக முத்துக்குமாரு மாஸ்டரின் ரியூசனுக்குப் போய்வந்தாள். அங்கே இடம் கிடைப்பது லேசல்ல. சேர்த்த அன்று என் கணவர், எல்லாத் தகப்பன்மாரும் சொல்வதுபோல, "கண்ணை விட்டிட்டு மிச்ச இடமெல்லாம் அடியுங்கோ மாஸ்டர்" என்று சொல்லிச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார்.

போன மாதம் ஒருநாள் கோபிகா நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வலது பாதத்தின் மேற்பக்கம் வீங்கி நீலமாகக் கன்றியிருந்தது. விசாரித்தபோது, பின்னக் கணக்குப் பிழைத்ததால் மாஸ்டர் வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தி, கோடு போடும் மர அடிமட்டத்தால் காலில் அடித்ததாகச் சொன்னாள். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். பாதத்தின் உட்பக்கம் ஒரு சிறு எலும்புத் துண்டு தனியாகத் தெரிந்தது. முறிவுபோல இருக்கிறது என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். அதை வைத்தே நான் வாக்குமூலம் தந்தேன். கடுங்காயம் என்று வழக்குப் போட்டு மாஸ்டரை விளக்கமறியலில் அடைத்தார்கள். வகுப்பு நின்றது. பரீட்சை நெருங்கியபடியால் மற்றப் பெற்றோர் என்னோடு கதைப்பதையும் நிறுத்தினார்கள்.

அதன் பிறகு நீதிமன்றம் சொன்னபடி சட்ட வைத்திய அதிகாரி தயாளினியிடம் பிள்ளையைக் கொண்டுபோனேன். அவர் அடிபடாத இடது காலையும் எக்ஸ்ரே எடுத்தார். அதிலும் அதே இடத்தில் அதே மாதிரித் துண்டு இருந்தது. "முறிஞ்ச எலும்பெண்டால் ஓரம் கரடுமுரடா இருக்கும் அம்மா. இது புளியங்கொட்டை மாதிரி மழமழவெண்டு இருக்கு. சிலருக்குப் பிறவியிலையே உப்பிடி ஒண்டு கூட இருக்கும்" என்றார். அதன் பிறகு வலது காலில் அந்தத் துண்டு இருந்த இடத்தை அமத்திப் பார்த்தார். கோபிகா நோகவில்லை என்றாள். கன்றிய இடத்தில் விரல் பட்டதும் அழுதாள். அதன் பிறகு என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். என் இரண்டு காலிலும் அதே இடத்தில் ஒரு சிறு புடைப்பு இருந்தது. அது செருப்புக் கடித்து வந்தது என்றே நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் விஷயம் கேள்விப்பட்டுச் சில பெற்றோர் வீட்டுக்கு வந்தார்கள். கூடப் படிக்கும் தேனுஜனின் தகப்பன், "எலும்பு பிறப்பிலையே உப்பிடித்தானாம். பிறகென்ன கேஸ் தங்கச்சி? பிள்ளை விழுந்திட்டு மாத்திச் சொல்லிப்போட்டுது எண்டு எழுதிக் குடுங்கோ. மாஸ்டரை வெளியாலை எடுப்பம்" என்றார். என் கணவரும், "ஓம், பிழை எங்கடை பக்கம்தான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

கோபிகா அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "அம்மா, அப்ப மாஸ்டர் எனக்கு அடிக்கேல்லையோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

என் மகளின் எலும்பு முறியவில்லை. முறிந்தது என்று நான் சொன்னது பிழை. செய்யாத கடுங்காயத்துக்கு மாஸ்டர் மறியலில் இருக்க வேண்டாம். ஆனால் மாஸ்டர் அடித்தார். எலும்பு பிறவியிலேயே இருந்தது, நீலம் பிறவியில் இருக்கவில்லை. இரண்டையும் எழுதும்படி கேட்டேன், எழுதினார்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். வெளியே வாங்கில் இருந்த என் மகளையும் கூப்பிட்டு, அவளுக்கும் கேட்க இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன். மாஸ்டர் அடித்தார் என்ற இடத்தில் அவள் "ஓம்" என்றாள். அதையும் சேர்த்து எழுதிய பின், இதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை என்று அறிந்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செ. உதயகலா