புற்று மண் ஒட்டிய பெட்டி

வெள்ளிக்கிழமை மதியம் நான் சாப்பிடுவதில்லை, ஐயா. அந்தப் பொட்டலத்தை வாசலில் நிற்கிற காவலருக்குக் கொடுத்துவிடுங்கள். காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை.

தென்காசியிலிருந்து வந்து இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். மதுரையிலிருந்து வந்த நிபுணர் தந்த காகிதங்களைப் படித்தால் தலைதான் வலிக்கும். நானே சொல்லிவிடுகிறேன். மறைக்கும்படியாக நான் எதையும் செய்ததில்லை.

என் பெயர் ஜெயசிங். சாதிக் பாய் நடத்துகிற இன்டர்நெட் கம்பெனியில் நெட்வொர்க் முழுவதும் என் பொறுப்பு. அவர் கடையநல்லூர்க்காரர். சவுதியில் பல காலம் உழைத்த பணத்தில் சங்கரன்கோவிலில் இந்தத் தொழிலை ஆரம்பித்தார். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட், மேலநீலிதநல்லூர் கிளினிக், விசைத்தறிக் கூடங்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பல இடங்களுக்கு எங்கள் லைன்தான்.

ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சுவிட்ச் இருக்கும். சுவிட்சில் கம்பி செருகுகிற ஒவ்வொரு போர்ட்டும் மறுமுனையில் இருக்கிற போர்ட்டிடம் ‘நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்’ என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தக் குரலை வைத்துத்தான் எந்த ஊருக்கு எந்த வழி என்று பெட்டிகள் தாமாகத் தெரிந்துகொள்கின்றன. ஒரு போர்ட்டை ‘நீ பேசாதே’ என்று அமைத்துவிடலாம். அப்போது வெளிச்சத்தில் தகவல் கொண்டுபோகிற கண்ணாடி இழைக் கம்பி நன்றாக இருக்கும், விளக்கும் பச்சையாக எரியும். ஆனால் அந்த ஊர் மட்டும் இல்லாமல் போய்விடும்.

முன்பு இந்த அமைப்புகளை மாற்ற ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு போர்ட்டாகத் தட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்தவன் பேச்சிராஜா. மேலநீலிதநல்லூர்ப் பையன். மானாவாரி நிலத்தை நம்பிப் பலனில்லை என்று எங்களிடம் வந்தவன். பைக்கில் மடிக்கணினியை மாட்டிக்கொண்டு வெயிலில் கறுத்துத் திரிவான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்ததால்தான் நான் ஸ்கிரிப்ட் எழுதினேன். சங்கரன்கோவிலில் உட்கார்ந்து ஒரு கட்டளை கொடுத்தால், எல்லா ஊர்ப் போர்ட்டுகளையும் அதுவே அமைத்துவிடும். தவறே வராது.

சாதிக் பாய் அன்று எனக்குப் பிரியாணி வாங்கித் தந்தார். சாப்பிடும்போதே கேட்டார்.

“எல்லாம் மிஷினே செய்யுதுன்னா, இனி பேச்சிராஜாவுக்கு என்ன வேல ஜெயசிங்? நல்ல பையன்தான். ஆனா சும்மா உக்கார வச்சுச் சம்பளம் குடுக்க முடியாதுல்லா.”

அப்போதுதான் அவனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. என்னால் அவன் பிழைப்புப் போவதா? அன்று ராத்திரி முழங்காலில் நின்று ஜெபித்தேன். காலையில் வழி தெரிந்தது. ஸ்கிரிப்டில் இன்னும் சில வரிகள் சேர்த்தேன். அவ்வப்போது ஏதாவது ஓர் ஊருக்குப் போகிற போர்ட்டை, எங்கள் ஆபீஸ் பக்கமிருந்து, அது ஊமையாக்கிவிடும். லைன் போய்விட்டது என்று தகவல் வரும், பேச்சிராஜா கிளம்புவான். எந்த ஊர், எந்த நாள் என்பதையும் ஸ்கிரிப்டே முடிவுசெய்யும்படி வைத்தேன். நானே தேர்ந்தெடுத்தால் பாரபட்சமாகிவிடும்.

அவன் போய்ப் பெட்டியைத் திறந்ததும் என்னைக் கூப்பிடுவான்.

“அண்ணாச்சி, லைட்டு பச்சையா எரியுது. ஆனா ஊரு வரல.”

“கனெக்டரக் கழட்டித் துடைச்சுப் போடுடே.”

அவன் கம்பியின் முனையைக் கழற்றித் துடைத்துப் போடுவான். நான் இங்கே போர்ட்டைப் பேசவிடுவேன்.

“வந்துட்டு அண்ணாச்சி. கைய வச்சதும் வந்துட்டு.”

அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், ஐயா. ஒரு மனிதனைச் சந்தோஷப்படுத்த எவ்வளவு சிறிய காரியம் போதும் என்று தெரிந்திருக்கும். மார்க்கெட்டில் அவன் பையில் எலுமிச்சம்பழம் போட்டு அனுப்புவார்கள். கிளினிக் நர்ஸ் ஜெயசித்ரா அவனைப் பார்த்ததும், “வாடே டாக்டரு, ஒம் பேஷண்டு மறுபடியும் படுத்துட்டான். ஊசி போட்டு எழுப்பு,” என்பாள். அவன் வந்தால் லைன் வந்துவிடும் என்று எல்லா ஊரிலும் நம்பினார்கள்.

அவனுக்கே அது தன் கைராசிதானா என்று ஆச்சரியம். கோமதியம்மன் கோவில் புற்று மண்ணைக் கொண்டுபோய், தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் ஒரு பொட்டு வைத்தான். உடம்பு நோய்க்கு அந்த மண்ணைப் பூசுகிறவர்கள்தானே இந்த ஊர்க்காரர்கள். “ஒங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே அண்ணாச்சி?” என்று கேட்டான். நான் சபைக்குப் போகிறவன். ஆனாலும் அவன் விசுவாசத்தை ஏன் கெடுக்க வேண்டும்? “வச்சுக்கோடே, நல்லதுதானே” என்றேன்.

இப்படியே ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்கிரிப்ட் மேலநீலிதநல்லூரைத் தேர்ந்தெடுத்தது. பேச்சிராஜா வழக்கம்போலப் போனான். நான் உபவாச ஜெபத்தில் இருந்தேன். ஆலயத்துக்குள் போனை அணைத்துவிடுவது என் பழக்கம்.

அதே நேரத்தில் மகாராஜன் என்கிற விவசாயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்திருக்கிறார். ஜெயசித்ரா இதயத் துடிப்பைப் படமெடுத்தாள். அது எங்கள் லைன் வழியாகச் சங்கரன்கோவிலில் இருக்கிற இதய மருத்துவருக்குப் போக வேண்டும். அவர் பார்த்துச் சொன்னதும் ஊசி போடுவாள். லைன் இல்லை. வேறு நாளாக இருந்தால், வேறு ஆளாக இருந்தால், அவள் உடனே ஆட்டோவில் ஏற்றியிருப்பாள். ஆனால் சன்னலுக்கு வெளியே பேச்சிராஜா பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான்.

“கொஞ்சம் பொறுங்க மாமா. பேச்சி கைய வச்சுட்டான். இப்ப வந்துரும்,” என்று அவரைப் படுக்க வைத்தாள்.

அவன் கனெக்டரைத் துடைத்துப் போட்டான். திரும்பவும் துடைத்தான். என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஆட்டோவில் ஏற்றினார்கள். மகாராஜன் ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

ஜெபம் முடிந்து போனைப் போட்டதும் அவன் அழைப்புகள் வரிசையாக வந்தன. முதல் வேலையாகப் போர்ட்டைப் பேசவிட்டேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

“வந்துட்டு அண்ணாச்சி,” என்றான்.

ஊரில் யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ‘எல்லா நாளும் சரிபண்ணுனவன் அன்னைக்கு ஏன் பண்ணல’ என்று மட்டும் பேசினார்கள். துக்க வீட்டில் அவன் பந்தலுக்கு வெளியே நின்றதாகச் சொன்னார்கள். அன்றே நான் ஸ்கிரிப்டில் இருந்த அந்த வரிகளை நிறுத்திவிட்டேன். என் மனசாட்சி அவ்வளவு மோசமானதில்லை.

சில நாள் கழித்து அவன் ஆபீசுக்கு வந்தான். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. என் எதிரில் உட்காராமலே கேட்டான்.

“அண்ணாச்சி, நீங்க படிச்சவுக. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த மூடில மண்ணு வச்சிருந்தம்லா. அது காய்ஞ்சு உதிர்ந்து கனெக்டருக்குள்ள போயிருக்குமோ? அதான் அன்னைக்கு வரலயோ?”

யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அந்த ஒரு வருஷத்து வேலையும் பொய், எலுமிச்சம்பழமும் பொய், கைராசியும் பொய் என்று ஆகிவிடும். ஒரு மனிதனிடமிருந்து அவ்வளவையும் பிடுங்கலாமா? ஒரு சின்னத் தவறு என்றால் மனிதன் தாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன்.

“இருக்கலாம்டே,” என்றேன். “தூசி பட்டா கம்பிக்குள்ள வெளிச்சம் போகாது. நீ தெரியாமச் செஞ்சதுதானே. ஆண்டவர் மன்னிப்பாரு.”

அவன் தலையாட்டினான். என் கையைப் பிடித்து, “நீங்களாவது மறைக்காமச் சொன்னீங்களே அண்ணாச்சி,” என்றான்.

பிறகு அவன் ஊர் ஊராகப் போனான். யாரும் அனுப்பவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மண்ணைச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, மூடிவிட்டு வந்தான். கடைசிப் பெட்டியையும் துடைத்த மறுநாள் காலையில் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தான்.

அடக்கச் செலவில் பெரும்பகுதி நான்தான் கொடுத்தேன். அதை எங்கும் சொன்னதில்லை. அவன் மனைவி யோகலட்சுமிக்கு அதே வேலையைக் கொடுக்கும்படி சாதிக் பாயிடம் மன்றாடினேன். கொடுத்தார். தங்கமான மனிதர். ஆனால் சில மாதம் போனதும் அவரே தாடியைத் தடவிக்கொண்டு, “லைன் பழுதே வர மாட்டேங்குதே ஜெயசிங். அந்தப் பிள்ளைய எத்தன நாளு சும்மா வச்சிருக்கது?” என்றார்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? வயிற்றுப் பிள்ளையோடு விதவையானவள்.

அந்த வரிகளைத் திரும்பச் சேர்த்தேன். இந்த முறை மிகவும் கவனமாக இருந்தேன். கிளினிக் போர்ட்டை விலக்கிவிட்டேன். கண்ட நாளில் வராமல் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும், ஊருக்கு ஊர் முறைவைத்துப் பழுது வரும்படி மாற்றினேன். சரிசெய்துவிட்டு நிம்மதியாக ஜெபத்துக்குப் போகலாம் அல்லவா? அவளும் பெட்டியைத் திறந்து கூப்பிடுவாள். “வந்துட்டு அண்ணாச்சி. எனக்கும் அவுக கைராசி வந்துட்டு போல,” என்பாள். இப்போது அவளும் மூடியில் புற்று மண் வைக்க ஆரம்பித்திருக்கிறாள். நான் தடுக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. போர்ட்டை ஊமையாக்கியது நான். மண்தான் காரணம் என்று அவனை நம்ப வைத்ததும் நான். சொல்லும்போது பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஓர் உதவி மட்டும் வேண்டும். காலையில் என்னைக் கூட்டிவந்தபோது லேப்டாப்பையும் எடுத்துவந்தீர்கள். ஸ்கிரிப்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். இன்று புளியங்குடி முறை. அந்தப் பிள்ளை இந்நேரம் பெட்டியைத் திறந்து, துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நிமிஷம் அதைக் கொடுங்கள், போர்ட்டைப் பேசவிட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் பாவம், தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வாள்.