செத்தவரின் விருப்பம்

சுன்னாகத்தில், தூள் அரைக்கும் மில்லடி. மண்ணெண்ணெய் இஞ்சின் நின்றுபோக, முதலாளி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லாததால் வரிசையில் யார் கதைத்தாலும் எல்லோருக்கும் கேட்டது.

எனக்கு முன்னால் நின்ற பருத்த அம்மா, தனக்கு முன்னால் நின்றவரின் ஓலைப்பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“தம்பி, மிளகாயைக் கருக்கிப்போட்டியள். வீட்டிலை பொம்பிளை இல்லையே?”

“அவ செத்திட்டா அக்கா. போன மாதந்தான் ஆண்டுத்திவசம்.”

“திவசமும் முடிஞ்சுதெண்டால் பிறகென்ன? எவ்வளவு காலத்துக்கு உப்பிடித் தனிய நிண்டு கஷ்டப்படுவியள்? ஒண்டைக் கட்டுங்கோ. அவவின்ரை ஆத்துமாவும் அதைத்தான் விரும்பும்.”

“எனக்கு வேண்டாம் அக்கா.”

“இப்ப உப்பிடித்தான் சொல்லுவியள். எங்கடை சொந்தத்துக்கை ஒரு பிள்ளை இருக்கு. நான் கதைக்கிறன்.”

எனக்குப் பின்னால், வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக நின்ற இளம்பெண் தன் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“அக்கா, என்ரை மனிசன் ஷெல் விழுந்து செத்து நாலு வருசம். நானும் தனியத்தான் நிக்கிறன். எனக்கும் ஒராளைப் பாருங்கோவன்.”

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார்.

“சீ, என்ன கதை பிள்ளை இது? அந்தாளின்ரை ஆத்துமா என்ன பாடுபடும்?”

“அவற்ரை பெஞ்சாதியின்ரை ஆத்துமா புருசனுக்குப் பொம்பிளை பாக்கச் சொல்லுது. என்ரை மனிசன்ரை ஆத்துமா மட்டும் எனக்குக் காவல் நிக்குதோ?”